சுவரில் ஒட்டிய பச்சைக் கட்டங்கள்

வியாழன், இரவு

மகளின் பேஸ்டலால் பழைய கலண்டர் தாளின் பின்பக்கம் சில பச்சைக் கட்டங்களும் வளைந்த நீலக் கோடு ஒன்றும் போட்டு, சுவரில் ஒட்டினேன். பார்க்க நன்றாக இருந்தது, அவ்வளவுதான். சாயங்காலம் நாங்கள் குடியிருக்கும் லயத்து வீடுகள் பக்கம் வந்த, தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு, வாசலில் நின்று அதையே பார்த்தார்.

"இது எந்தத் தேயிலை மலையோட பிளான்? யாரு அளந்து குடுத்தா?"

"சும்மா கிறுக்குனதுங்க ஐயா."

சிரித்தபடி போனில் படம் எடுத்துக்கொண்டார். வீடு கட்டத் தோட்டத்தில் காணி கேட்டு நாங்கள் மனுவில் கையெழுத்து வைத்த நாளிலிருந்து அவர் சிரிப்பை நான் நம்புவதில்லை.

"கிழிச்சுப் போட்டுரு" என்றார் என் வீட்டுக்காரர். இப்போது கிழித்தால் கண்டாக்கு நினைத்தது சரியென்று ஆகிவிடும். ஒட்டியே இருக்கட்டும்.

ஆனால் நாங்கள் கேட்ட காணியில் ஓடை வளைகிற மாதிரியேதான் அந்த நீலக் கோடும் வளைகிறது. சத்தியமாக நான் யோசித்துப் போடவில்லை.