பேய் ஊரில் இல்லாத நாள்

சோங்ஜு,
நவம்பர் கடைசி வாரம்

ஹாய்போங்கில் இருக்கும் என் அன்புத் தங்கை யோன்ஜுவுக்கு,

கும்ரான் அக்கா எழுதுகிறேன். நீயும் உன் வீட்டுக்காரரும் அந்த வியட்நாம் வெயிலில் வாடாமல் இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தோடு வரும் பெட்டியில் மிளகாய்த் தூள், கடற்பாசித் தாள், நெத்திலிக் கருவாடு எல்லாம் வைத்திருக்கிறேன். கருவாட்டை உடனே குளிர்பெட்டியில் வைத்துவிடு. அங்கே இருக்கும் ஈரத்தில் பூத்துப்போய்விடும்.

நீ எத்தனையோ முறை போன் செய்தாய், நான் எடுக்கவில்லை. கோபித்துக்கொண்டிருப்பாய். கோபித்துக்கொள், நியாயம்தான். பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்தேன். அதனால்தான் இந்த வயதில் பேனாவைத் தேடி எடுத்து உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் உனக்கு ஒரு நன்றி. நம் வீடு மாற்றும் கம்பெனிக்கு நீ போட்டுக் கொடுத்துப் போன அந்தக் காலண்டர் இன்னும் நன்றாக ஓடுகிறது. அதற்கு முன் நாம் பட்ட பாடு நினைவிருக்கிறதா? சுவரில் வங்கிக்காரன் கொடுத்த காலண்டரில் நான் ஒரு தேதி எழுதுவேன், முதலாளி தன் சட்டைப்பைச் சீட்டில் இன்னொன்று எழுதுவார், மாடி ஜன்னல் வழியாகச் சாமான் ஏற்றி இறக்கும் ஏணி வண்டியை ஓட்டுகிற நாம்குங் அண்ணன் எதையுமே எழுதாமல் தலையில் வைத்திருப்பார். வீடு மாறுகிற ஊர் ஜனம் முழுக்க கெடுதல் செய்யும் பேய் ஊரில் இல்லாத நல்ல நாள்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கும். அப்படி ஒரு நாளில் ஒரே லாரிக்கு இரண்டு குடும்பம் சாமானை வாசலில் இறக்கி வைத்துக்கொண்டு காத்திருந்ததே! அதில் ஒரு பெண்மணி என்னைத் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

மாதச் சந்தாவோடு மென்பொருள் விற்க வந்தவனை மேங் முதலாளி, "அந்தக் காசுக்கு நான் லாரிக்கு டயர் போட்டுக்குவேன், போய்யா" என்று விரட்டிவிட்டார். நீதான் சத்தம் போடாமல் எல்லார் போனிலும் இருக்கும் இலவசக் காலண்டரையே ஒன்றாக இணைத்தாய். யாரோ வீடு மாறும்போது வேண்டாம் என்று விட்டுப்போன டிவியைத் துடைத்துச் சுவரில் மாட்டி, அதில் எல்லாம் தெரியும்படி செய்தாய். நீலம் பெரிய லாரிக்கு, மஞ்சள் சின்ன லாரிக்கு, பச்சை ஏணி வண்டிக்கு. பேய் இல்லாத நாளுக்குச் சிவப்பு. போனை யார் எடுக்கிறாரோ அவரே பதிய வேண்டும் என்று சட்டமும் போட்டாய். டிவியின் குறுக்கே ஒரு கோடு ஓடுகிறது, வியாழக்கிழமை மட்டும் சரியாகத் தெரியாது. மற்றபடி குறை இல்லை.

முதலாளி இப்போது ஒற்றை விரலால் எல்லாவற்றையும் பதிகிறார். முழங்காலுக்கு ஊசி போடும் நாள், வண்டிக்கு எண்ணெய் மாற்றும் நாள், மனைவியோடு சண்டை போட்ட நாள்கூட. சமையலறைச் சாமான் கட்டும் சுன்னோக் அக்கா அதைப் படித்துவிட்டு, "இதுக்கு என்ன கலர் முதலாளி?" என்று கேட்டு அவர் மானத்தை வாங்குகிறாள்.

சரி, சுற்றி வளைத்தது போதும். நானும் என் வீட்டுக்காரரும் பிரிந்துவிட்டோம். கோடையிலேயே கையெழுத்தெல்லாம் முடிந்துவிட்டது. அவரும் கெட்டவர் இல்லை, நானும் இல்லை. ஒரே வீட்டில் ஆளுக்கொரு அறையில் ஆளுக்கொரு நிகழ்ச்சி பார்த்துக்கொண்டு எவ்வளவு காலம் இருப்பது? உல்சானில் இருக்கும் மகனுக்கு மட்டும் சொன்னேன். உனக்குக்கூடச் சொல்லவில்லை. மன்னித்துக்கொள்.

அலுவலகத்தில் சொல்ல வாய் வரவில்லை. நம் ஆட்களைப் பற்றி உனக்கே தெரியும். சாமானைப் பார்த்தே வீட்டைப் படித்துவிடுவார்கள். எந்த வீட்டில் கடன், எந்த வீட்டில் மருமகள் ராஜ்ஜியம் என்று முதல் பெட்டி இறங்குவதற்குள் சொல்லிவிடுவார்கள். ஏறும் சாமான் பாதியாக இருந்தால் நாம்குங் அண்ணன் ஏணியடியில் நின்று, "பாவம், பிரிச்சுக்கிட்டாங்கடா" என்று முணுமுணுப்பார். அதையே என் வீட்டு வாசலில் நின்று அவர் சொல்வதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. இத்தனை வருடம் அந்த மேசையில் உட்கார்ந்து எல்லாரையும் அதட்டியவள் நான். என்னைப் பார்த்து அவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டால் அப்புறம் நான் எப்படி அங்கே வேலை பார்ப்பது?

அதனால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் வேறொரு கம்பெனியிடம் பேசினேன். யாரும் வீடு மாறாத, பேய் நன்றாகச் சுற்றுகிற ஒரு புதன்கிழமையை எடுத்துக்கொண்டேன். நம் காலண்டரில் அந்த நாளில் "பல் மருத்துவர், முழு நாள்" என்று போட்டேன். முழு நாளும் என்ன பல் பிடுங்குவார்கள் என்று யாரும் கேட்கவில்லை. தப்பித்தோம் என்று நினைத்தேன்.

ஒரு நாள் மதியம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருகிறேன். டிவியில் அதே புதன்கிழமையில் புதிதாக ஒரு பச்சைக் கட்டம். அந்தக் கம்பெனியின் ஏணி வண்டி பழுதாகிவிட்டதாம். நம்முடையதை இரவல் கேட்டுப் போன் செய்திருக்கிறார்கள். போனை எடுத்தவர் நாம்குங் அண்ணன். நீ போட்ட சட்டப்படி மனுஷன் ஒழுங்காகப் பதிந்திருக்கிறார், குடியிருப்பின் பெயர், கட்டட எண், ஏழாவது மாடி என்று. என் வீடு! சுசோக் பண்டிகைக்கு முதலாளி கொடுத்த பரிசுப் பெட்டியை என் வாசல் வரை தூக்கி வந்து வைத்தவரே அவர்தான். பச்சைக் கட்டத்துக்கு நேர் கீழே என்னுடைய பல் மருத்துவர்.

என் முகத்தை யாருமே பார்க்கவில்லை. சுன்னோக் அக்கா ஏற்கெனவே மடித்த துணிகளை மறுபடி மடித்தாள். நாம்குங் அண்ணன் வண்டியைக் கழுவப் போகிறேன் என்று வெளியே போனார். அன்றைக்கு மழை பெய்துகொண்டிருந்தது. எனக்கு அப்படியே எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம் போல இருந்தது.

மறுநாள் காலையில் வந்தால் புதன்கிழமையில் பச்சையும் இல்லை, பல்லும் இல்லை. அந்த வாரச் சனிக்கிழமை, சிவப்பு நாள், இரண்டு லாரியும் நிறைந்திருந்ததே, அதில் பெரிய லாரிக்கு நேராக இப்படி இருந்தது: "வாடிக்கையாளர்: தாக் கும்ரான் அவர்கள்." பியானோ உண்டா, லிப்ட் உண்டா என்று நாம் குறிப்பு எழுதும் இடத்தில் முதலாளி ஒற்றை விரலால் அடித்திருந்தார்: "வாடிக்கையாளரிடம் எதையும் கேட்கக் கூடாது. மதியம் கருப்பு நூடுல்ஸ், கம்பெனிச் செலவு."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. "யாரைக் கேட்டு இதைப் போட்டீங்க? எடுத்துடுங்க" என்றேன். முதலாளி டிவியைப் பார்த்துக்கொண்டே, "யோன்ஜு எனக்குப் போடத்தாம்மா சொல்லிக் குடுத்தா. அழிக்கச் சொல்லிக் குடுக்கல" என்றார். என்ன பொய்! புதன்கிழமையை அழித்தது பின்னே யார், பேயா?

அந்தச் சனிக்கிழமையை ஏற்கெனவே ஒரு தேவாலயத்து மூப்பருக்குக் கொடுத்திருந்தேன். முதலாளி அந்தப் பக்கத்துக் கம்பெனியிடம் சொல்லி என் புதன்கிழமையை ரத்து செய்துவிட்டு, மூப்பருக்கும் போன் போட்டு வேறு நாளுக்கு மாற்றச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறார். மூப்பர், "பேய்க்கெல்லாம் நான் பயப்பட மாட்டேன். ஆனா தள்ளுபடி உண்டா?" என்றாராம். பழைய அட்டைப்பெட்டியைக்கூட இரண்டாம் முறை விற்கிற நம் முதலாளி தள்ளுபடி கொடுத்திருக்கிறார்! சுன்னோக் அக்கா இதைச் சொன்னபோது என்னால் மேற்கொண்டு சண்டை போட முடியவில்லை.

சனிக்கிழமை எல்லாரும் வந்தார்கள். வீட்டுக்காரர் இல்லாத நேரமாகப் பார்த்து முன்பே பேசி வைத்திருந்தேன். பாதிச் சாமான்தான் ஏறியது. நாம்குங் அண்ணன் ஏணியடியில் நின்றார். ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. புது வீடு தரைத்தளத்தில் என்று தெரிந்ததும்தான், "இங்க ஏணிக்கு வேலையே இல்லையே! என் பொழப்பில மண்ணப் போட்டுட்டியே தங்கச்சி" என்று கத்தினார். அந்தக் கத்தலைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. அப்படியானால் நான் இன்னும் அவர்கள் அதட்டக்கூடிய ஆள்தான்.

புது வீட்டுக்குள் முதலில் சோற்றுப் பானைதான் போக வேண்டும் என்று சுன்னோக் அக்கா என் மின்சாரக் குக்கரை வழியெல்லாம் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். "நகருங்க, நகருங்க" என்று எல்லாரையும் விலக்கிக்கொண்டு, என் கையில் கொடுத்து, என்னையே முதலில் உள்ளே போகச் சொன்னாள். அப்புறம் தரையில் செய்தித்தாள் விரித்து, மேங் முதலாளி கொதிக்கக் கொதிக்க வாங்கி வந்த, வீடு மாறும் நாளில் எல்லாரும் சாப்பிடும் அந்தக் கருப்பு நூடுல்ஸை எல்லாரும் உட்கார்ந்து உறிஞ்சினோம். நான் அழுதேன். பச்சை வெங்காயத்தின் மேல் பழி போட்டேன். முதலாளி என் தட்டிலிருந்த வெங்காயத்தைத் தன் தட்டுக்கு எடுத்துக்கொண்டு, "இனிமே அழுவுறதுன்னா காரணம் வேற தேடு" என்றார்.

பழைய சுவர்க் காலண்டரே இருந்திருந்தால் என் பொய் கச்சிதமாகப் பலித்திருக்கும். யாருக்கும் தெரியாமல், யாரோ முகம் தெரியாத ஆட்களோடு புது வீட்டுக்குப் போய், தனியாக உட்கார்ந்து குக்கரை இணைத்திருப்பேன். செலவில்லாமல் நீ செய்து கொடுத்த காரியம் எனக்கு என்ன செய்தது என்று உனக்குத் தெரிய வேண்டும். அதனால்தான் இவ்வளவும் எழுதினேன்.

நீ போன் செய்தால் இனி எடுப்பேன். உன் வீட்டுக்காரர் அங்கே இரவு பகலாகத் தொழிற்சாலையிலேயே கிடக்கிறார், உனக்குப் பேச ஆள் இல்லை என்று சுன்னோக் அக்காவிடம் சொன்னாயாமே. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்க எனக்கு வாயில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடு. உடம்பும் மனசும் நன்றாக இருக்கட்டும்.

வேலையை விட்டுப் போகிறவர்களின் பெயரைக் காலண்டரிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று நீயே சொல்லிவிட்டுப் போனாய். உன் பெயரை நாங்கள் எடுக்கவில்லை. முதலாளியிடம் கேட்டதற்கு, "அவ பேரு இருந்தா காலண்டர்காரன் தனியா காசு கேக்குறானா? இருக்கட்டும்" என்றார். இங்கே எனக்கு இருப்பது ஒரே அறைதான், ஆனால் இந்தக் குளிருக்குத் தரை நன்றாகச் சூடாகிறது. ஞாயிற்றுக்கிழமைகள்தான் கொஞ்சம் நீளமாக இருக்கின்றன. எப்போது ஊருக்கு வர முடியுமோ அந்தத் தேதியை நீயே போடு யோன்ஜு. நீ அங்கே போட்டதும் இங்கே எங்கள் எல்லார் போனும் ஒன்றாக மணியடிக்கும்.

உன் வரவுக்குக் காத்திருக்கும் அக்கா,
தாக் கும்ரான்