இறகுத் தொப்பிகள்

கார்வின், ஆர்கன்சாஸ்
3 செப்டம்பர் 1974

அன்புள்ள ஃப்ளோராவுக்கு,

உன் ஓரகத்தி ஸெல்டா எழுதிக்கொள்வது. முழங்காலைத் தவிர இங்கே எல்லாரும் சுகம். மயாமியில் நீயும் உன் கடற்கரையும் சுகமாக இருக்க வேண்டும். பதினோரு வருஷம் கழித்துக் கடிதம் போடுகிறாளே, என்ன வேணுமாம் இவளுக்கு என்று நினைப்பாய். வேணும்தான்.

கடை விலை போனது வக்கீல் சொல்லித் தெரிந்திருக்கும். நவம்பர் முதல் தேதி சாவி கொடுக்க வேண்டும். வாங்கியவன் மரச்சாமான் கடை வைக்கிறானாம். 'லிப்மேன் சகோதரர்கள்' என்ற எழுத்தின் மேல் பெயின்ட் அடித்துவிடுவான். என் மாக்ஸும் உன் ஹைமியும் ஏணி போட்டு ஏறி எழுதிய எழுத்து.

அதற்கு முன்னால், அக்டோபர் கடைசி வியாழக்கிழமை, என் பேரன் ஜோயலுக்கு பார் மிட்ஸ்வா. பதிமூன்று வயதாகிவிட்டது, இனி ஜெபத்தில் அவனும் ஆண் கணக்கு. எங்கே தெரியுமா? நம் கடை மாடியில், குளிர்கோட்டுப் பகுதியில்! "துணிக்கடையிலயாடா?" என்று என் மகன் ஆர்னால்ட் சிரித்தான். "தாத்தாவும் சின்னத் தாத்தாவும் அங்கதானேப்பா ஜெபம் பண்ணாங்க, நானும் அங்கதான் படிப்பேன்" என்று ஒரே பிடியாக நிற்கிறான். அவன் தோரா வேதம் படிப்பதை நீ கேட்க வேண்டும். ஓரிடத்தில் தடுக்காது. ஐந்தாம் வகுப்போடு தையல் மிஷினுக்குப் போன என் வம்சத்தில் இப்படி ஒருத்தன்!

தோராச் சுருள் இன்னும் அந்தக் கோட்டு அலமாரியில்தான் இருக்கிறது. திறந்தால் அதே பாச்சை உருண்டை வாசனை. அப்போதெல்லாம் பண்டிகைக்குக் கோட்டுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, சுற்று வட்டாரத்து நம் யூதக் கடைக்காரர்கள் எல்லாரும் மாடியில் நிற்பார்கள். திருமதி டட்டில் கீழ்ப்படியில் நின்று, "ஸெல்டா, மேல பாட்டு முடிஞ்சுதா? எனக்கு ஒரு ஜோடி காலுறை எடுக்கணும்!" என்று கத்துவாளே.

குறை ஒன்றுதான். பத்து ஆண்கள் கூடாமல் தோராவைத் திறக்க முடியாது. பழைய ஆட்கள் செத்தும் போனார்கள், ஊரைவிட்டும் போனார்கள். எப்படியோ ஒன்பது பேர் சேர்த்துவிட்டோம். பத்தாவது ஆள் கிடைக்கவில்லை. உன் பக்கம் யாராவது உண்டா? நீயும் வர வேண்டும்.

பரணில் அந்தத் தொப்பிப் பெட்டிகள் கூரை வரை கிடக்கின்றன. கடையை வாங்கியவன் காலி பண்ணச் சொல்கிறான். என்ன செய்யட்டும்? பாதி உன்னுடையது.

அன்புடன்
ஸெல்டா

*

மயாமி
12 செப்டம்பர்

ஸெல்டா அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. ஜோயலுக்கு என் ஆசிகள். பரிசு தனியே வரும்.

நான் வருவதற்கில்லை. பத்தாவது ஆளுக்கும் வழி தெரியவில்லை. இங்கே இருக்கும் கிழவர்கள் ஆர்கன்சாஸ் எந்தத் திசையில் என்று கேட்பார்கள்.

தொப்பிகளை எரித்துவிடுங்கள். பருத்திக் காட்டில் குனிந்து நிமிரும் பெண்கள் மயில் இறகுத் தொப்பி போடுவார்களா என்று நான் கேட்காத வருஷம் இல்லை. "போடுவாங்க, போடுவாங்க, பொறு ஃப்ளோரா" என்பார் மாக்ஸ் அத்தான். பருத்தி விற்ற பணத்தோடு சனிக்கிழமை ஊரே கடைக்கு வரும்போது, அலமாரியில் வேலைக்குப் போடும் சட்டை இருக்காது, தொப்பி இருக்கும்.

அத்தானின் துக்க வாரத்தில், வந்தவர்கள் முன்னால், "தொப்பியில மூழ்கின கடை இது" என்றேன். சொன்ன இடம் தப்பு. சொன்னது தப்பில்லை. நீங்கள் திருப்பி ஒரு வார்த்தை பேசியிருந்தால் சண்டை போட்டு முடித்திருப்போம். முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். நானும் பெட்டியைக் கட்டிவிட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு நம் கடை ஜன்னலை இப்போது யார் அலங்கரிக்கிறார்கள்? சும்மா கேட்டேன்.

ஃப்ளோரா

*

கார்வின்
19 செப்டம்பர்

அன்புள்ள ஃப்ளோராவுக்கு,

பிறந்திருக்கிற நம் யூதப் புது வருஷம் உனக்கு இனிக்கட்டும். தேன் கேக் தனியாக வருகிறது. உடைந்திருந்தால் தபால்காரனைத் திட்டு, என்னைத் திட்டாதே.

ஜன்னலை யாரும் அலங்கரிப்பதில்லை. போன டிசம்பரில் பாப்டிஸ்ட் பாதிரியாரே வந்து, "ஃப்ளோரா அம்மா கைவண்ணம் இல்லாம எங்களுக்குக் கிறிஸ்துமஸே வந்த மாதிரி இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இனி தொப்பி. சொல்லக் கூடாது என்று மாக்ஸ் என்னிடம் வாக்கு வாங்கியிருந்தார். நீ எரிக்கச் சொன்னதால் சொல்கிறேன்.

உன் லென்னி கொரியாச் சண்டையில் போன பிறகு, வருஷா வருஷம் அவன் நினைவு நாளில் மாடியில் நின்று பிள்ளைக்காகக் கதீஷ் ஜெபம் சொல்ல வேண்டும் என்று ஹைமி துடிப்பானே. அதற்கும் பத்துப் பேர் வேண்டும். அப்போதும் நமக்கு ஒன்பதுதான். ஆனால் அந்த நாளில் தவறாமல் தொப்பிக் கம்பெனி ஏஜென்ட் பின்ஸ்கர், அவரும் நம் ஆள்தானே, பெட்டியோடு வந்து நிற்பார். "பாருங்கண்ணா, ஆண்டவனே அனுப்பி வச்சிருக்கான்" என்று ஹைமி கண்ணைத் துடைப்பான்.

அனுப்பி வைத்தது உன் அத்தான், ஃப்ளோரா. ஆர்டர் இல்லாமல் அவ்வளவு தூரம் கம்பெனி ஆளை அனுப்பாது. ஜெபம் பண்ண வருகிறவருக்குக் கூலியா கொடுக்க முடியும்? அதனால் தொப்பி. "தம்பிக்குத் தெரிஞ்சா வேண்டாம்னு நிறுத்திடுவான். நான் தொப்பி வாங்குற முட்டாளாவே இருந்துட்டுப் போறேன் ஸெல்டா" என்றார். ஹைமி கண்ணை மூடிய பிறகு மாக்ஸ் ஒரு தொப்பியாவது வாங்கினாரா, நீயே யோசித்துப் பார்.

துக்க வாரத்தில் நீ அப்படிச் சொன்ன அன்றைக்கு இது நாக்கு நுனிவரை வந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் இதைச் சொல்லிக் காட்டுவதா? அதனால்தான் முகத்தைத் திருப்பினேன். கோபமும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அதெல்லாம் லென்னியின் தொப்பிகள். நீயே சொன்னாலும் எரிக்க மாட்டேன்.

ஸெல்டா

*

மயாமி
2 அக்டோபர்

என் அக்காவுக்கு,

கேக் உடைந்துதான் வந்தது. நோன்பு முடிந்ததும் தூள்வரை தின்றேன். நோன்பு நாள் முழுக்க ஜெபப் புத்தகம் மடியில் கிடந்தது, ஒரு வரி ஓடவில்லை. நான் வந்ததும் முதலில் என்னை அத்தான் கல்லறைக்குக் கூட்டிப் போங்கள்.

பின்ஸ்கர் உயிரோடு இருக்கிறார். இங்கே ஜெபக்கூடத்தில் விசாரித்தேன், நாலு தெரு தள்ளி மகள் வீட்டில் இருக்கிறாராம். போனேன். காது மந்தம், கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. "லிப்மேன் கடையா? மாடியில, கோட்டு அலமாரிப் பக்கம்... பையன் பேரு லென்னிதானேம்மா?" என்றார். என் பிள்ளை பெயரை இன்னொருவர் வாயால் கேட்டு எத்தனை காலமாயிற்று அக்கா. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஜோயல் விஷயம் சொன்னேன். கிழவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வரேன். ஆனா ஆர்டர் இல்லாம நான் அந்த ஊருக்கு வந்ததே இல்லையே" என்றார்.

புதன்கிழமை மாலை இருவரும் வருகிறோம். பரணை யாரும் தொட வேண்டாம், பெட்டிகளை நான் வந்து இறக்குகிறேன். வியாழக்கிழமை விடிவதற்குள் நம் கடை ஜன்னல் முழுக்க அந்தத் தொப்பிகள் இருக்க வேண்டும்.

பின்ஸ்கருக்கு ஆர்டர் கொடுத்துவிட்டேன். ஒரு டஜன், மயில் இறகு வைத்தது.

உங்கள்
ஃப்ளோரா