மருந்தா, மாவா

இன்று காலை மருந்து அறையில் கடைசிப் பெட்டியைப் பிரித்தேன், டாக்டர். ஆய்வு முடிந்த பிறகு மிஞ்சிய கேப்சூல்களை எண்ணி, எழுதி, எரிக்க அனுப்ப வேண்டும். ஒரு புட்டியில் ஈரம் இறங்கி இரண்டு கேப்சூல்கள் உடைந்திருந்தன. கையுறை போட்டிருந்தும் தூள் எப்படியோ உதட்டில் ஒட்டிவிட்டது. நினைவில்லாமல் முகத்தைத் தொட்டிருப்பேன். நாக்கின் அடிவரை கசப்பு இறங்கியது. வாயைக் கழுவினேன், கோப்பி குடித்தேன், போகவில்லை. எண்ணுவதை நிறுத்திவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். நீங்கள் போய் ஒன்பது மாதமாகிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று நீங்கள் என் சான்றிதழ்களைப் பார்க்கவில்லை. ஒருவருடைய காலைப் பற்றிச் சொன்னீர்கள். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் ஒரு நாசி கண்டார் சோற்றுக் கடையில் நாள் முழுக்க நின்று குழம்பு ஊற்றியவர் அவர். சர்க்கரை நோயில் இரண்டு பாதமும் எரிந்துகொண்டே இருந்தன. அப்போது நீங்கள் வார்டில் இளம் மருத்துவர். இதயத் துடிப்பைச் சீராக்க அவருக்கு ஏதோ ஒரு பழைய மாத்திரை கொடுத்திருந்தார்கள். "டாக்டர், இத முழுங்குனா கால்ல பூசுன மிளகா கொஞ்சம் எறங்குது" என்றாராம். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்கள். நீங்களும்தான் போனீர்கள். ஆனால் சாயங்காலம் திரும்பி வந்து, எந்த விரலில் முதலில் இறங்குகிறது என்று அவரிடம் கேட்டீர்கள்.

அந்தக் கேள்வி உங்களைப் பதினாறு வருடம் பிடித்து வைத்திருந்தது. பழைய மாத்திரையை நீண்ட நாள் கொடுத்தால் இதயத்துக்கு ஆபத்து. அதனால் பல்கலைக்கழகத்தில் ஒரு வேதியியல் பேராசிரியரைத் தேடிப் போனீர்கள். அவர் அந்த மூலக்கூறின் ஓரங்களை மாற்றி மாற்றிச் செய்து தந்தார். பெரும்பாலானவை ஒன்றுக்கும் உதவவில்லை. உதவிய ஒன்று எலிகளுக்குப் போனது. பிறகு நோயில்லாத சிலருக்கு. அதன்பிறகுதான் எரிச்சல் உள்ளவர்களுக்கு. உங்களோடு படித்தவர்கள் அதற்குள் தனியார் மருத்துவமனைகளில் பெயர்ப்பலகை மாட்டிவிட்டார்கள். நீங்களோ விண்ணப்பம் எழுதினீர்கள், நிராகரிப்புக் கடிதம் வாங்கினீர்கள், மறுபடி எழுதினீர்கள். நான் நிறையப் படிப்பவள். ஆனால் கட்டிலில் கிடந்த ஒருவர் சொன்ன ஒரே ஒரு வரி இத்தனை அறைகளைக் கடந்து மறுபடியும் ஒரு மனிதரின் பாதத்துக்கே வந்து சேரும் என்று எந்தப் புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை.

வந்து சேர்ந்ததா இல்லையா என்பதுதான் கேள்வி. அதற்காகத்தான் ஆய்வு. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு. இரண்டும் பார்வைக்கு ஒரே கேப்சூல். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் மருந்தாளரான நான். சுவரில் ஒரு சின்ன ஜன்னல். நீங்கள் இரண்டு முறை தட்டுவீர்கள், நான் புட்டியை வைத்துவிட்டு ஜன்னலைச் சாத்துவேன். ஆய்வு முடியும்வரை நாம் சேர்ந்து சாப்பிடக் கூடாது, நோயாளிகளைப் பற்றிப் பேசக் கூடாது, நான் முகத்தில் எதையும் காட்டக் கூடாது. எல்லாம் நீங்கள் போட்ட சட்டம். "உன் முகம் நல்ல முகம்மா, ஒன்னும் தெரியாது" என்றீர்கள். சின்ன வயதிலிருந்து எல்லாரும் குறையாகச் சொன்னதை முதல்முறையாக ஒருவர் தகுதியாகச் சொன்னார்.

ஜன்னலுக்கு வெளியே நோயாளிகள் உட்காரும் பெஞ்சு. பேச்சு எனக்குக் கேட்கும். மாரியப்பன் அண்ணன் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ரோசலின் அக்கா அலுவலகக் குமாஸ்தாவாக இருந்தவர், புக்கிட் மெர்தாஜாமிலிருந்து பஸ்ஸும் பெர்ரிப் படகும் மாறி வருவார். ஆய்வு முடிய மூன்று மாதம் இருந்தபோது ஒரு காலையில் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இவ்ளோ பெருச எப்படி தங்கச்சி முழுங்குறது? நான் பிச்சு கோப்பியில கொட்டிருவேன். கசப்புன்னா கசப்பு, கோப்பியே தோத்துரும்."

"நானும் பிச்சுதான் சாப்புடுறேன். கசக்கலயே. மைலோவுல போட்டா இருக்குறதே தெரியாது."

மாரியப்பன் அண்ணன் சிரித்தார். "அப்ப உனக்கு மாவு லா."

அவர் சொன்னது சரி. அவருக்கு மருந்து, அக்காவுக்கு மாவு. இரண்டு கேப்சூலின் நிறத்தையும் எடையையும் ஒப்பிட்டுக் கையெழுத்துப் போட்டவள் நான். காதருகே வைத்துக் குலுக்கிக்கூடப் பார்த்தேன். நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. அன்றே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஆய்வு போய்விடும், உங்கள் பதினாறு வருடம் போய்விடும் என்று நினைத்தேன். இரண்டு பேர்தானே, அதுவும் விளையாட்டுப் பேச்சுதானே என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு இரண்டு வாரம் வாயை மூடியிருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து நீங்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று தாதியிடம் சொன்னது கேட்டது. ரோசலினுக்கு எரிச்சல் குறைந்துகொண்டே வந்தது, இப்போது திடீரென்று ஏறியிருக்கிறது, வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று விசாரிக்கச் சொன்னீர்கள். வீட்டில் ஒரு பிரச்சினையும் இல்லை. தான் சாப்பிடுவது மாவு என்று தெரிந்ததும் அவருடைய கால் மறுபடி எரியத் தொடங்கியிருந்தது, அவ்வளவுதான்.

அன்றுதான் முதல்முறையாக உள்ளேயிருந்து நான் தட்டி, இரண்டு கேப்சூல்களை நீட்டினேன். "யாருக்கு எதுன்னு சொல்ல மாட்டேன், டாக்டர். ரெண்டையும் பிச்சு நாக்குல வச்சுப் பாருங்க" என்றேன்.

நீங்கள் பிரித்து, ஒன்றை வைத்துப் பார்த்தீர்கள். தண்ணீர் குடித்தீர்கள். மற்றதை வைத்துப் பார்த்தீர்கள். பிறகு நாற்காலியை இழுத்து ஜன்னலுக்கு முன்னால் உட்கார்ந்தீர்கள். எப்போது தெரியும் என்று கேட்டீர்கள், உண்மையைச் சொன்னேன். நான் எதிர்பார்த்த திட்டு வரவில்லை.

"உனக்கு ரெண்டு வாரம்தான். வயசானவங்க யாரும் மாத்திரைய முழுசா முழுங்க மாட்டாங்கன்னு எனக்கு வார்டுல சேந்த நாள்லேருந்து தெரியும். தெரிஞ்சும் கேக்கல."

அன்று மதியமே ஆய்வை மேற்பார்க்கும் நெறிக்குழுவுக்குக் கடிதம் எழுதினீர்கள். பலர் வந்து உங்களைத் தடுத்தது எனக்குத் தெரியும். பிரித்துச் சாப்பிட்டவர்களை மட்டும் நீக்கிவிட்டு மிச்சக் கணக்கைப் போடலாம் என்றார்கள். இதுவரை பார்த்ததில் எரிச்சலின் கோடு அழகாக இறங்குகிறது என்றார்கள். எரிச்சல் கூடியதா குறைந்ததா என்று நோயாளியின் வாய்தான் சொல்ல வேண்டும், அந்த வாய்க்குக் கசப்பு தெரிந்துவிட்டது, இனி அது சொல்வதை எப்படி நம்புவேன் என்று கேட்டீர்கள். ஆய்வு நின்றது.

கடிதம் அனுப்பினால் போதும் என்று விதி. நீங்கள் ஒவ்வொருவரையும் வரச்சொல்லி நேரில் மன்னிப்புக் கேட்டீர்கள். சிலர் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். மாரியப்பன் அண்ணனுக்கு மட்டும் கோபம் அடங்கவில்லை. இத்தனை மாதம் இரத்தப் பரிசோதனைக்கு ஊசி குத்திக்கொள்ள வந்தேனே என்றார். பிறகு, "என் காலு நல்லானது பொய்யா டாக்டர்?" என்று கேட்டார்.

"பொய்யில்ல அண்ணே. ஏன் நல்லாச்சுன்னுதான் எனக்குத் தெரியல. அது தெரியாம உங்களுக்கு இத மருந்துன்னு குடுக்க மாட்டேன்."

நான் ஜன்னலுக்குள் உட்கார்ந்திருந்தேன். பதில் என்னிடம் இருந்தது. கையை நீட்டினால் தொடும் தூரத்தில், யாருக்கு எது என்று எழுதிய குறிப்பேடு. ஆனால் அது பாதிப் பதில்தான். அவர் சாப்பிட்டது மருந்து என்பது எனக்குத் தெரியும். அவர் காலைக் குணமாக்கியது மருந்தா, கோப்பியில் தெரிந்த கசப்பா என்பது எனக்கும் தெரியாது. நீங்கள் சொன்ன "தெரியல" என்ற சொல் எவ்வளவு பெரியது என்று அப்போதுதான் புரிந்தது. அத்தனை வருடம் உழைத்து அந்தச் சொல்லைச் சொல்லும் தைரியம் எனக்கு வருமா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். மாவிலும் கசப்புச் சேர்த்தோம். எவ்வளவு சேர்ப்பது என்று பார்க்க, அலுவலகத்தில் இருந்த எல்லாரும் கண்ணைக் கட்டிக்கொண்டு வரிசையாக நாக்கை நீட்டினோம். ஒரு வாரம் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. கணக்குப் பிரிவு அக்கா, கசாயம் குடிக்கவா சம்பளம் தருகிறீர்கள் என்று உங்களைக் கேட்டார். வித்தியாசம் சொல்ல முடியாமல் எல்லாரும் தோற்ற அன்று அனைவருக்கும் வாய் இனிக்கச் செண்டோல் வாங்கித் தந்தீர்கள். எனக்கு மட்டும் ஜன்னல் வழியாக.

இரண்டாம் ஆய்வுக்குப் பாதிப் பேர்கூடச் சேராதபோது உங்கள் நோய் தெரியவந்தது. அதன் காலக்கெடு என்னவென்று எங்களுக்கு நீங்கள் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆய்வு முடியும் தேதியையும் அதையும் எல்லாரும் மனதுக்குள் ஒப்பிட்டுப் பார்த்தோம். நீங்கள் கடைசிவரை வேலைக்கு வந்தீர்கள். தட்டும் சத்தம் மட்டும் மெல்லியதாகிவிட்டது.

ஜெலுத்தோங் வீட்டுக்கு உங்களைப் பார்க்க வந்த மதியம் மழை தூறிக்கொண்டிருந்தது. என் பையிலிருந்த நாவலை எடுத்துப் புரட்டினீர்கள்.

"கடைசிப் பக்கத்தப் பாத்துட்டியா?"

"பாத்துட்டேன், டாக்டர். நான் எப்பவும் அதத்தான் மொதல்ல படிப்பேன்."

"இந்த ஆளுகிட்டயா நான் குறிப்பேட்டக் குடுத்து வச்சேன்" என்று சிரித்து, இருமி, மறுபடி சிரித்தீர்கள்.

அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு மனம் பொறுக்கவில்லை. ஆய்வின் முடிவு எனக்கும் தெரியாதுதான். ஆனால் யாருக்கு எது என்று தெரியும், பெஞ்சில் யார் என்ன சொன்னார்கள் என்றும் கேட்டிருந்தேன். இரண்டையும் கூட்டி ஒரு ஊகம் வைத்திருந்தேன். அதைச் சொன்னால் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். வெளியில் யாருக்கும் தெரியப்போவதில்லை. "டாக்டர்" என்று தொடங்கினேன்.

நீங்கள் கையைத் தூக்கினீர்கள். கை மிகவும் மெலிந்திருந்தது. "வேணாம்மா. நீ அந்தப் பக்கமே இரு."

ஆறு நாள் கழித்துப் போய்விட்டீர்கள்.

போன வாரம் கூட்டம் நடந்தது. புள்ளியியல் நிபுணர் திரையில் இரண்டு கோடுகளைப் போட்டார். ஒன்றாம் குழு, இரண்டாம் குழு என்று மட்டும் எழுதியிருந்தது. இரண்டும் சேர்ந்தே இறங்கின. நம்பிக் குடித்தால் மாவுக்கும் எரிச்சல் இறங்கும் என்பதை ரோசலின் அக்காவிடம் கற்றிருந்தோம். ஆறாவது வாரத்தில் ஒரு கோடு அப்படியே நின்றுவிட்டது. மற்றது, இரண்டாம் குழுவின் கோடு, பிரிந்து இன்னும் கீழே போனது. எது மருந்து என்று அறையில் வேறு யாருக்கும் தெரியாது. எந்தக் குழுவுக்கு மருந்து என்று எழுதி ஒட்டிய உறையைத் திறந்து படிக்க வேண்டியவள் நான். எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

எனக்கு உறை தேவைப்படவில்லை. சில நொடிகள் உலகத்திலேயே அது எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. மயிர்க்கூச்செறிவது என்று எழுதுவார்களே, அது நிஜமாக நடக்கும் என்று அன்றுதான் அறிந்தேன். "இரண்டாம் குழு" என்றேன். பிறகு உறையைத் திறந்து எல்லாருக்கும் காட்டினேன். யாரும் கை தட்டவில்லை. வேதியியல் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

இரண்டு கோடுகளுக்கும் நடுவில் பெரிய இடைவெளி இல்லை. எல்லாருக்கும் மருந்து கேட்கவும் இல்லை. இன்னும் பெரிய ஆய்வு வேண்டும், அதற்கும் வருடங்களாகும். இதையெல்லாம் சொல்லாமல் விட்டால் உங்களுக்குப் பிடிக்காது.

ஆனால் அந்தச் சில நொடிகளை நான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன். அவை உங்களுக்கு வர வேண்டியவை. காத்திருந்தது நீங்கள், வந்து சேர்ந்தது எனக்கு. எதையும் வெளியே சொல்லாமல் வைத்திருக்கப் பழகியவள்தான் நான். இதை மட்டும் வைத்திருக்க முடியவில்லை. நீங்கள் போட்ட சட்டப்படியும் இனி சொல்லலாம்.

வேலை செய்கிறது, டாக்டர்.