ரோஸ்லினின் வயிறு

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்தே மழை. கூலாய் ஊர் முழுக்கச் செம்பனை ஆலை வாடை. ரோஸ்லினுக்கு இன்றும் மூன்று முறை வயிற்றுப்போக்கு. தண்ணீராக, கறையாக. என் மகளுக்கு ஏழு வயது, இன்னும் டயப்பர். வலி வந்தால் மேசை விளிம்பில் வயிற்றை அழுத்திக்கொண்டு கத்துகிறாள். பேச்சு வராது. எங்கே வலிக்கிறது என்று எதை வைத்துச் சொல்வாள்?

கிளினிக் டாக்டர் வயிற்றைத் தொடவே இல்லை. "ஆட்டிசம் பிள்ளைங்க இப்படித்தான்லா. எல்லாம் பிஹேவியர்." பேதியை நிறுத்த அதே மாத்திரை, ஐந்தாவது தடவை. கழுத்தில் ஸ்டெதஸ்கோப் அலங்காரத்துக்கு. சண்டை போட்டுத்தான் ஸ்பெஷலிஸ்டுக்குக் கடிதம் வாங்கினேன்.

வாங்க: டயப்பர் (பெரிய சைஸ்), ப்ளீச், கோழி அரைக் கிலோ.

ஜூலை 9, புதன்

பள்ளி வேன் ஓட்டும் சாந்தியக்கா கேட்டில் நின்றே முழக்கம். "இன்னிக்கும் சீட்டுல ஆயிருச்சு. மத்த பிள்ளைங்க மூக்கப் பொத்துதுங்க. நான் என்ன செய்ய, நீங்களே சொல்லுங்க?" வேன் நாறுவது அவள் அடிக்கும் மல்லிகை ஸ்ப்ரேயால். பல்லைக் கடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். வேறு வேன் இல்லை. நான் ஏழரைக்குள் செனாய் ஃபேக்டரியில் கார்டு தட்ட வேண்டும்.

ஜூலை 11, வெள்ளி

ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டில். வடை, பாயசம், என் இடுப்பு வலி. கூட்டத்துக்கு வந்த பிலோமினா ஆன்ட்டி ரோஸ்லின் தலையில் கை வைத்துக்கொண்டு, "பால நிப்பாட்டு, கோதுமைய நிப்பாட்டு, ஜெபிச்ச எண்ணெயத் தடவு. குடும்பத்துல ஏதோ பாவம் இருக்கும்மா" என்றாள். நான்காவது வடை வாயில் இருந்தது.

எல்லோரும் போன பிறகு கணவரிடம் கொட்டினேன். ஆன்டனி: "நல்லதுக்குத்தானே சொல்றாங்க." தினமும் பைக்கில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வரும் களைப்பாம். இந்த மனுஷனின் முதுகெலும்பை எல்லைக் கஸ்டம்ஸில் பிடித்து வைத்துக்கொண்டார்கள் போல.

ஜூலை 15, செவ்வாய்

ஜேபி டவுன் ஆஸ்பத்திரி, ஸ்பெஷலிஸ்ட். எட்டு மணிக்கு நம்பர், பதினொன்றரைக்கு அழைப்பு. மலாய் டாக்டர், சின்னப் பெண். இதற்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்தேன். ரோஸ்லினின் வயிற்றைப் பத்து நிமிஷம் தொட்டுப் பார்த்தார். இத்தனை நாளில் தொட்ட முதல் ஆள். அப்புறம் எக்ஸ்ரே.

பேதியே இல்லையாம். உள்ளே மலம் கல்லாக இறுகி அடைத்துக் கிடக்கிறது. அதன் ஓரமாகக் கசிவதைத்தான் எல்லோரும் பேதி என்றோம். மாத்திரை இன்னும் இறுக்கியிருக்கிறது.

அந்தக் கிளினிக் கழுதையின் முகத்தில் எக்ஸ்ரேயை ஒட்டவேண்டும் என்று மனசு குதித்தது. அப்போது டாக்டர் கேட்டார், ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறாள் என்று.

"ஏழு கிளாஸ்" என்றேன்.

அப்படியானால் குடல் நரம்பிலேயே கோளாறு இருக்கலாம், மயக்க மருந்து கொடுத்து உள்ளிருந்து சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கவேண்டும் என்றார். படிவத்தை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

ஏழு கிளாஸாம். இரண்டு வருஷமாகக் காலையில் ஒரு சொட்டு கொடுப்பதில்லை. வேனை நனைக்கக் கூடாதே. பள்ளிப் பையில் வைக்கும் பாட்டில் காலி; டீச்சர் கண்ணில் பாட்டில் என்று ஒன்று பட்டால் போதும். ஞாயிறு சர்ச் பூசைக்கு முந்தைய இரவே தண்ணீரை நிறுத்திவிடுவேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஓடிப்போய்க் குழாயில் வாயை வைப்பாள்; அதற்கும் திட்டு. இதைச் சாந்தியக்கா சொல்லித் தரவில்லை, ஆன்ட்டியும் சொல்லவில்லை. என் சொந்த மூளை. ஊரில் உள்ள அத்தனை பேரையும் முட்டாள் என்று எழுதி நிரப்பிய நோட்டு இது. என் பெயர் மட்டும் எங்கும் இல்லை.

ஜூலை 16, புதன்

வெயில். வேலைக்கு லீவு. எட்டு மணிக்கே ஆஸ்பத்திரிக்கு போன். எடுத்தது தமிழ் நர்ஸ். உண்மையைச் சொன்னேன்.

"எத்தன நாளாக்கா காலையில தண்ணி குடுக்கல?"

"ரெண்டு வருஷமா."

அந்தப் பக்கம் எழுதிக்கொள்ளும் சத்தம். பிறகு, "இருங்க, டாக்டர்கிட்ட கேக்குறேன்."

சதை எடுப்பது இப்போதைக்கு வேண்டாமாம். முதலில் இளக்கும் மருந்து, நிறையத் தண்ணீர், இரண்டு வாரம் கழித்துப் பார்க்கலாம். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

கிளாஸ் நிறைய ஊற்றி ரோஸ்லினிடம் கொடுத்தேன். வாங்கினாள். குடிக்கவில்லை. எப்போது பிடுங்குவேன் என்று என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"குடிடி செல்லம்."

நம்பவில்லை.