வெள்ளிக்கிழமைக் கை

அம்மா,

போன வெள்ளிக்கிழமை காலையில் எண்ணெய் கம்பெனிக்காரர் ஒரு கையை அழைத்து வந்தார். கையோடு ஒரு பெண்ணும் வந்திருந்தாள். பலமனேர் பக்கத்து ஊர், உன் வயது இருக்கும். ஆனால் அவருக்குக் கைதான் வேண்டும். வாசல் வெளிச்சத்தில் அவள் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நெறம் சரியா இருக்குது. அம்மாவோட வளையல் இருந்தா குடுங்க மேடம்" என்றார். உன் பச்சைக் கண்ணாடி வளையல்களை எடுத்துக் கொடுத்தேன். அவள் என் பின்னால் உட்கார்ந்து சீப்பை எடுத்தாள். வளையல்கள் ஒன்றோடொன்று உரசின. அந்தச் சத்தம் கேட்டதும் என் கழுத்து தானாக இறுகிக்கொண்டது. நீ செத்துப்போய்விட்டாய் என்பது அதற்கு இன்னும் தெரியவில்லை.

நம் சேனலைப் பார்க்கிற லட்சக்கணக்கான பேருக்கு உன் முகம் தெரியாது, என் முகமும் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் முழங்காலுக்குக் கீழே தொங்கும் என் முடியும், அதற்கு எண்ணெய் வைத்துச் சிக்கெடுத்துப் பின்னிவிடும் உன் இரண்டு கைகளும்தான். வெள்ளிக்கிழமைதோறும் தலைக்கு ஊற்றிக்கொள்கிற வழக்கம் நம் வீட்டில் எப்போதும் உண்டு. அதை ஊருக்கே காட்டலாம் என்று கண்டுபிடித்தவள் நீ. எண்ணெய் கம்பெனி தன் விளம்பரக் காசோடு வந்தது அதற்குப் பிறகுதான்.

இந்த முடி என்னுடையது அல்ல. சின்ன வயதில் எனக்கு மஞ்சள் காமாலை வந்து படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, பிழைத்தால் முடியை வளர்த்துத் திருமலையில் காணிக்கை கொடுப்பதாக நீ வேண்டிக்கொண்டாய். பத்தாவது முடித்ததும் மொட்டை என்பது பேச்சு. பத்தாவது முடித்தேன். "தாவணி போட்டு ஒரு போட்டோ எடுத்துக்கினு அப்புறம் குடுக்கலாம்" என்றாய். போட்டோ எடுத்தோம். அதற்குப் பிறகு, "பொண்ணு பாக்க வர்ற நேரத்துல மொட்டையோட நிப்பியா?" என்றாய். நைனா ஒருமுறை பயந்துபோய் ஞாபகப்படுத்தினார். பெருமாளுக்குத் தெலுங்குக்காரர்கள் வைத்த பெயரைச் சொல்லி அவர் வாயை அடைத்தாய்: "அவரு வட்டிக்காசுலவாடு. லேட்டானா வட்டியோட வாங்கிக்குவாரு. நீ சொம்மா இரு."

உனக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்கிறேன். என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்தது ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டைக் கம்பெனியில் வேலை பார்த்தபோதுதான். உள்ளே நுழைந்ததும் நீலத் தொப்பி ஒன்று கொடுப்பார்கள். முடியைச் சுருட்டி அதற்குள் திணித்துக்கொண்டால் லைனில் நிற்கிற எல்லாப் பெண்களும் ஒரே மாதிரிதான். யாரும் என் பின்னால் வந்து தொட்டுப் பார்க்கமாட்டார்கள். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கிக்கொண்டே வருவேன்.

அப்படி வந்த ஒரு வாரத்தில்தான் பின்பக்கம் தலை காயவைத்துக்கொண்டிருந்த என்னை நீ விளையாட்டாக வீடியோ எடுத்துப் போட்டாய். மறுநாள் விடிவதற்குள் அதை யார் யாரோ பார்த்துவிட்டார்கள். அன்றைக்கே உன் கண் மாறிப்போனது. அடுத்த மாதம் கம்பெனி பஸ் நிற்கிற இடத்துக்கே வந்து என் பையைப் பிடுங்கிக்கொண்டாய். "அந்த வேலைக்கு ஆயிரம் பேரு போறாங்க. இந்த முடி ஒருத்திக்குத்தான் இருக்குது" என்றாய். பஸ்ஸில் இருந்த பெண்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நீ ஏழாவதுக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் கூட்டம் சேர்க்கிற வித்தையில் உன்னை யாரும் மிஞ்ச முடியாது என்பதைக் கோபத்தோடேயே ஒப்புக்கொள்கிறேன். கொண்டையை முதலில் காட்டு, அவிழ்ப்பதைக் கடைசியில் காட்டு என்றாய். "அவுத்துட்டா பாத்துட்டுப் போய்டுவாங்க. உக்காந்துகினு இருக்கணும்." பேச்சு தமிழில், தலைப்பு தெலுங்கில், எல்லைக்கு இரண்டு பக்கத்து ஜனமும் வந்தது. சீயக்காய் நல்லதா, ஷாம்பூ நல்லதா என்று ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வாய். கீழே அவர்கள் அடித்துக்கொள்வார்கள். வேண்டுமென்றே ஏதாவது தப்பாகச் சொல்வாய். சூடான எண்ணெயோடு எலுமிச்சம்பழம் பிழியவேண்டும் என்று ஒருமுறை உளறினாய். நான் பதறினேன். "நல்லா சொன்னா கம்முனு போவாங்கடி. தப்பா சொன்னாத்தான் திருத்த வருவாங்க" என்று சிரித்தாய். உன்னைத் திருத்த ஓடி வந்த பெண்கள் அப்படியே நம்மோடு தங்கிவிட்டார்கள்.

வாரம் தவறக்கூடாது என்பது உன் பெரிய சட்டம். எனக்குக் காய்ச்சல் அடித்த வெள்ளிக்கிழமையும் தலையில் தண்ணீர் ஊற்றினாய். திரும்பி இருக்கிற முகத்தில் காய்ச்சல் தெரியாது அல்லவா?

வீடியோவில் உன் கை பூப்போலத் தெரியும். "என்ன பொறுமை இந்த அம்மாவுக்கு" என்று உருகுவார்கள். நீ இழுக்கிற இழுப்பில் என் கண்ணில் தண்ணீர் நிற்பதை அவர்கள் பார்க்கவில்லை. சிக்கை எடுக்க நேரமானால் பார்க்கிறவர்கள் ஓடிவிடுவார்கள் என்று வேரோடு பிய்ப்பாய். சீப்பில் வந்த கொத்தை உருட்டி முந்தானைக்குள் தள்ளிவிடுவாய். படம் எடுத்து முடித்ததும், ஸ்டீல் பாத்திரத்துக்கு முடி வாங்குகிறவன் வரட்டும் என்று அதை ஒரு கவரில் போட்டு வைப்பாய். இப்போதும் அடுக்களையில் இருக்கிற இரண்டு டம்ளர்கள் என் தலையிலிருந்து வந்தவை. பிடரியில் ஒரு இடத்தில் தோல் தடித்துப் புண்ணாகி ஆறி மறுபடி புண்ணானது. நைனா பார்த்துவிட்டு, "பொண்ணு கழுத்தப் பாருடி" என்றார். நீ பார்த்தாய். படத்தில் தெரியாதபடி அங்கே மை தடவினாய்.

பிறகு உனக்கு அந்த நோய் வந்தது. திருப்பதி ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்ற ஏற்ற உன் முடி தலையணையில் உதிர்ந்தது. ஊரில் எல்லோரும் வேண்டுதல் பாக்கியைப் பற்றிக் காதோடு பேசினார்கள். நீ மட்டும் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டு சிரித்தாய். "உன்னுத குடுக்கலன்னு என்னுத எடுத்துக்கினாரு பாரு. கணக்கு முடிஞ்சிது." நான் சிரிக்கவில்லை. பெருமாள் மேல் எனக்கு அப்போது பயம் இல்லை, உன் மேல்தான் இருந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் வெள்ளிக்கிழமை வந்தது. ஊசி குத்தியிருந்த இடத்தில் ஒட்டிய பிளாஸ்திரியை வளையலால் மறைத்துக்கொண்டாய். "கை நல்லாத்தான இருக்குது, திரும்பி உக்காருடி" என்றாய். பின்னால் பச்சைத் திரை தெரியாமல் இருக்க ஒரு புடவையைக் கட்டினோம். அந்த வீடியோவுக்கு, "அம்மா இளைத்த மாதிரி தெரிகிறார், அழகாக இருக்கிறார்" என்று ஒருத்தி எழுதியிருந்தாள். அதைப் படிக்கச் சொல்லி இரண்டு தடவை கேட்டாய்.

கடைசியாக ஒரு மத்தியானம். நான் உன் கட்டில் விளிம்பில் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தேன். உன் கை மெதுவாக என் முடிக்குள் வந்தது. ஒரு சிக்கைக் கண்டுபிடித்து, இழுக்காமல், இழை இழையாகப் பிரித்தாய். நான் மூச்சுவிடவும் பயந்து அப்படியே கிடந்தேன். இத்தனை வருஷம் இதற்காகத்தான் காத்திருந்தேன் போலிருக்கிறது என்று நினைத்தேன். எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. அப்போது நீ கேட்டாய்:

"ரெக்கார்ட் ஆச்சா?"

"இல்லம்மா. போன் சார்ஜ்ல இருக்குது."

"அப்போ எதுக்குடி கம்முனு படுத்துகினு இருக்கிற?" என்று கையை எடுத்துக்கொண்டாய். அந்த வாரமே போய்விட்டாய்.

சரி, அந்தப் புதுக் கையின் கதைக்கு வருகிறேன். பலமனேர்க்காரி நன்றாகத்தான் சீவினாள். வலிக்கவே இல்லை. "கொஞ்சம் ஸ்பீடா, அந்தம்மா மாதிரி" என்று கம்பெனிக்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார். வீடியோ போன கொஞ்ச நேரத்தில் ஜனம் கண்டுபிடித்துவிட்டது. "இது அம்மா கை இல்லை." "அம்மா எங்கே?" "வளையலை மாட்டிவிட்டால் அம்மா ஆகிவிடுமா?" கீழே போகப் போக எல்லாமே உன்னைப் பற்றித்தான். முழங்காலைத் தாண்டிய முடியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்கள் இத்தனை நாளும் என் முடிக்காக வரவில்லை. செத்த பிறகும் கூட்டத்தை நீயே வைத்துக்கொண்டாய்.

கம்பெனிக்காரருக்கு ஒரே சந்தோஷம். சண்டை பெரிதானால் பார்வையும் பெரிதாகும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்தச் சூட்டோட மொட்டைய வெச்சிக்கலாம் மேடம். அம்மாவே சொல்லி வெச்சிருக்காங்க. கூட்டம் கொறையிற அன்னிக்கு மொட்ட, லைவுல. மலையில கேமரா விடமாட்டாங்க, அதனால வீட்லயே ஆளக் கூப்ட்டு எடுத்துட்டு, முடிய மட்டும் பையில கொண்டுபோய் உண்டியல்ல போட்டுடலாம்னு சொன்னாங்க" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது அம்மா. என் முடி மேல் ஆசையில்தான் பெருமாளை ஏமாற்றிக்கொண்டிருக்கிறாய் என்று நினைத்திருந்தேன். நீ அதைக் கடைசி வீடியோவுக்குச் சேர்த்து வைத்திருந்தாய்.

திங்கட்கிழமை விடிந்ததும் போனை அணைத்துத் தலையணைக்கடியில் வைத்தேன். நைனாவிடம் மட்டும் சொன்னேன். அவர் பஸ் நிற்கிற இடம் வரை வந்து, "போய்ட்டு வாம்மா" என்றார். புத்தூர் பஸ் பிடித்துத் திருப்பதி, அங்கிருந்து மலை பஸ். கல்யாணக்கட்டையில் மொட்டையடித்துவிட வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களில் எனக்குக் கிடைத்தது ஒரு தெலுங்குக்காரப் பெண். கொண்டையை அவிழ்த்ததும் பக்கத்தில் இருந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். யார் கையிலும் போன் இல்லை. நீ வருஷக்கணக்காகக் காத்துவைத்த அந்தக் காட்சியை, பேர் தெரியாத நாலைந்து பேர் பார்த்துவிட்டு, தங்கள் முறை வந்ததும் திரும்பிக்கொண்டார்கள்.

அவள் என் தலையில் தண்ணீர் தெளித்துக் கையால் நனைத்தாள். பிடரிக்கு வந்ததும் விரல் நின்றது. தடித்த இடத்தைத் தொட்டுப் பார்த்து, "நொப்பிகா உந்தாம்மா?" என்றாள். வலிக்கிறதா என்று கேட்கிறாள். என் முடியில் கை வைத்த யாரும் அதுவரை அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. நான் அழுத அழுகையில் அவள் பயந்துபோய், எடுத்த கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

இப்போது தலை முழுக்கச் சந்தனம். அடுத்த மாதம் ஸ்ரீ சிட்டி கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களாம், பேர் கொடுத்திருக்கிறேன். நீலத் தொப்பி இனி லேசாக உட்காரும். பிடரித் தழும்பு மட்டும் போகாது என்று நினைக்கிறேன். பின்னால் யாராவது வந்து நின்றால் கழுத்து இன்னும் இறுகத்தான் செய்கிறது. இந்த மடலை எழுதும்போதும் நீ அங்கே நின்றுகொண்டு அதையேதான் கேட்கிறாய்.

இல்லம்மா. ரெக்கார்ட் ஆகவில்லை.