படைச்சாச்சு, உக்காருங்க

இன்று கல்லறைத் திருநாள். மெழுகுவத்திப் புகைக்கும் சாமந்திக்கும் நடுவே பூண்டு வாசம் வந்தது. உங்கள் கல்லறை மேல் வாழையிலை விரித்து, உங்கள் வீட்டுக்காரர் தானே சமைத்த அரிசியும் பருப்பும் சோற்றை வைத்திருந்தார். "அவளுக்குப் புடிக்குமேன்னு படைச்சிருக்கறனுங்க டீச்சர்" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

நினைவிருக்கிறதா? வாரநாளில் நான் நம் பள்ளியில் உயிரியல் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மறைக்கல்வி டீச்சர். மனிதன் தோன்றியது எப்படி என்ற கேள்விக்கு 'கடவுள் படைத்தார்' என்று மட்டும் எழுதிய பத்தாம் வகுப்புப் பெண்ணுக்கு முட்டை போட்டேன். அவளே ஞாயிறன்று எழுந்து, "வெள்ளிக்கிழமை தப்புன்னீங்க, இன்னிக்கு நீங்களே அதைச் சொல்றீங்க. எதுங்க டீச்சர் பொய்?" என்றாள். மறைக்கல்வியை விட்டுவிட முடிவு செய்தேன். கோயிலையே விட்டுவிடுவேனோ என்ற பயத்தை உங்களிடம் மட்டும்தான் சொன்னேன்.

"நாமக்கல்லுல முட்டைக்கா பஞ்சம், நீங்க வேற போடோணுமா?" என்று கேலி செய்தீர்கள். பிறகு, தினமும் போலவே டிபன் பாக்ஸைத் திறந்து, "படைச்சாச்சு, உக்காருங்க" என்றீர்கள். நீங்கள் தமிழ் டீச்சராயிற்றே, சொல்லை விடுவீர்களா?

"ஏனுங்க டீச்சர், படைக்கறதுன்னா நொடியில முடியற வேலையா? எங்க ஊட்ல ஊறவெச்சு, தாளிச்சு, வேகவெச்சு, அப்பறந்தான் படைக்கறது. எத்தனை நேரம் வெந்துச்சுன்னு நீங்க சொல்லுங்க. படைச்சது யாருன்னு நான் சொல்றேன்."

"இது வெறும் சொல் விளையாட்டு" என்று சிடுசிடுத்தேன்.

"ஆமாங்க. மொதல்ல சாப்புடுங்க."

அடுத்த ஞாயிறு வகுப்புக்குப் போனேன். "முட்டை முட்டைதான். 'எப்படி'ன்னு கேட்டதுக்கு 'யாரு'ன்னு பதில் எழுதியிருக்கற" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் யோசித்துவிட்டுத் தலையாட்டினாள்.

சேலம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீங்கள் கேட்டதுதான் கடினம். "இந்தக் கட்டியும் அவர் படைச்சதுங்களா?"

செல் தன்னை நகலெடுக்கும்போது நேரும் பிழை என்றேன். அப்படிப்பட்ட பிழைகளே இல்லாவிட்டால் பறவையோ நாமோ உண்டாகியிருக்க முடியாது என்றும் சொன்னேன். "எழுத்துப் பிழையா? செவப்புப் பேனாவ வெச்சுக்கிட்டுக் கோட்டை உட்டுட்டனே" என்று சிரித்தீர்கள். சிரிப்பு அடங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். "தெரியலீன்னா தெரியலீன்னு சொல்லுங்க சாமி."

தெரியவில்லை என்றேன். இருவரும் ஜெபமாலை சொன்னோம்.

இன்னும் தெரியவில்லை. ஆனால் வகுப்பை விடவில்லை. பிள்ளைகள் அதே மாதிரி ஏதாவது கேட்டால், தெரியாது என்று சொல்ல இப்போது நான் வெட்கப்படுவதில்லை. அது நீங்கள் கொடுத்த தைரியம்.

உங்கள் வீட்டுக்காரர் இலையிலிருந்து ஒரு கவளம் எடுத்து என் கையில் வைத்தார். பருப்பு இன்னும் வேக வேண்டியிருந்தது. நின்றபடியே மிச்சமில்லாமல் சாப்பிட்டேன்.