கை மிஷினோடு மலைக்கு

29-11-2005, செவ்வாய், அஜ்மான்

இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது. லைசென்ஸ் எனக்கு ஏழாவது டெஸ்ட்டில்தான் கிடைத்தது. கீழக்கரைக்குப் போன் போட்டு, இரண்டாவது என்று சொல்லிவிட்டேன். "நாப்பத்தாறு வயசுல ரெண்டே தடவையிலயா லாத்தா?" என்று தங்கச்சி ஷஹீரா மலைத்துப்போனாள். நாலாம் வகுப்போடு நின்ற எனக்குக் கணக்கு வராதுதானே.

4-12-2005, ஞாயிறு

என்னிடம் உடுப்பு தைக்கக் கொடுக்கும் அரபி வீட்டம்மா உம்மு ராஷித் போன் செய்தார். ராஸ் அல் கைமா தாண்டி மலைக்குள்ளே அவர்கள் வீடு. வியாழக்கிழமை மகளுக்குக் கல்யாணம். நான் தைத்து அனுப்பிய கல்யாண உடுப்பில் பெண்ணுக்குக் கையே நுழையவில்லையாம்.

இங்கே அளவு கொடுக்க யாரும் நேரில் வருவதில்லை. டிரைவரிடம் ஒரு பழைய உடுப்பைக் கொடுத்துவிடுவார்கள், அதைப் பார்த்து வெட்ட வேண்டும். டிரைவர் கொண்டுவந்தது பதின்மூன்று வயதுத் தங்கையின் உடுப்பு.

அவன் தப்பு என்று சொல்லிவிட்டுப் படுத்துவிடலாம். ஆனால் வெட்டும்போதே தோன்றியது, கல்யாணப் பெண்ணுக்கு இவ்வளவு சின்ன உடம்பா என்று. ஒரு போன் போட்டுக் கேட்டேனா? இல்லை.

போனில் பின்னால் பெண் அழுவது கேட்டது.

5-12-2005, திங்கள்

உடம்பில் அளந்து, தையலைப் பிரித்து, பக்கத்தில் பட்டை கொடுத்தால் சரியாகும். கல்யாணப் பெண் இந்த வாரம் வாசல் தாண்டமாட்டாள். தார் ரோடு முடிகிற இடத்தோடு டாக்சி நின்றுவிடும். அப்போ, தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு நான்தான் போகணும். நம் மளிகைக்கடை பிக்கப்பில்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். கடை ஏணியிலிருந்து விழுந்து காலில் மாவுக்கட்டோடு இருக்கிறார்.

"கால் சரியாகட்டும், நானே கூட்டிட்டுப் போறேன்."

"மச்சான், கட்டு ஆறு வாரம். கல்யாணத்துக்கு மூணே நாள். மாப்பிள்ளையைக் காத்திருக்கச் சொல்லவா?"

"கல்லு ரோடு. போன் எடுக்காது. ஒத்தப் பொம்பளை."

"நீங்க அரிசி ஏத்திட்டுப் போன ரோடுதானே? உங்களையே தாங்கியிருக்கு."

டிவி பார்க்கிறார்.

6-12-2005, செவ்வாய்

சாவி கிடைத்தது. கெஞ்சவில்லை. கை மிஷினைப் போர்வையில் சுற்றி, இரண்டு மாடி இறக்கி, பிக்கப் பக்கத்தில் வைத்து, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டேன். அரை மணி நேரம் பால்கனியிலிருந்து பார்த்தார். பிறகு சாவியைக் காலுறையில் போட்டு வீசினார்.

"ரெண்டாவது கியர்லயே போ."

நாளைக் காலையில் கிளம்புகிறேன், இன்ஷா அல்லாஹ்.

7-12-2005, புதன், மலையில்

மிஷினைப் பக்கத்து சீட்டில் வைத்து பெல்ட் போட்டேன். ராஸ் அல் கைமா வரை லாரிக்காரர்கள் எல்லாரும் ஹாரன் அடித்தார்கள். நானும் அடித்தேன்.

தார் முடிந்ததும் தண்ணீர் இல்லாத ஆறுதான் ரோடு. இரண்டு பக்கமும் மொட்டைப் பாறை. ஒரு மணி நேரத்துக்குக் கண்ணில் பட்டது ஒரு கழுதை மட்டும்.

ஓர் ஏற்றத்தில் வண்டி அணைந்து பின்னால் உருண்டது. பிரேக்கை மிதித்துக்கொண்டு அழுதேன். எவ்வளவு நேரம் அழுதுக்கிட்டே உக்காந்திருப்பே ஷம்சியா? இறங்கினா வண்டி போயிடும். இறங்கலேன்னா கல்யாணம் போயிடும் —

கை பிரேக்கை முழுசாக இழுத்தேன். மெல்ல இறங்கி, பின் சக்கரங்களுக்குக் கல் வைத்தேன். மறுபடி ஏறி, பிஸ்மி சொல்லி, ஒன்றாவது கியர். ஏறிவிட்டது. "பாத்தியா?" என்று மிஷினிடம் கேட்டேன். இரண்டாவது கியர் உதவவில்லை என்று இவரிடம் சொல்ல வேண்டாம்.

மத்தியானம் வந்து சேர்ந்தேன். பெண் இரண்டு கையிலும் ஈர மருதாணியோடு, எதையும் தொட முடியாமல் தூண் மாதிரி நின்றாள். அளக்க அதுவே வசதி. தையலுக்குள் இரண்டு விரல் துணி விடுவது என் பழக்கம், அது போதவில்லை. மிச்சத் துணியில் பட்டை வெட்டி, கக்கத்திலிருந்து இடுப்பு வரை கொடுத்தேன். நான் துணியைப் பிடிக்க, உம்மு ராஷித் மிஷின் கைப்பிடியைச் சுற்றினார். "ஜல்தி, ஜல்தி" என்றேன். இவ்வளவு பெரிய வீட்டுக்காரியை விரட்ட வேறு எப்போது முடியும்?

மருதாணி காய்ந்ததும் பெண் போட்டுப் பார்த்தாள். கையைத் தூக்கினாள். உட்கார்ந்தாள், எழுந்தாள். பிறகு சிரித்தாள்.

"கலாஸ்" என்றேன். வேலை முடிந்தது என்று மிஷினைப் போர்வையில் சுற்றினேன்.

8-12-2005, வியாழன்

விருந்து. நாலு பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டேன். பகலிலேயே கிளம்பிவிட்டேன். இறங்கும்போது அழவில்லை.

9-12-2005, வெள்ளி, அஜ்மான்

கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "மலைக்குப் போயிட்டு வந்திருக்கா, ஒரு கீறல் இல்ல" என்று இவர் வண்டியைக் காட்டுகிறார், ரோட்டை அவரே போட்டது மாதிரி. மார்ச்சில் அந்தக் குடும்பத்தில் இன்னும் இரண்டு பெண்களுக்குக் கல்யாணம்; அளவெடுக்க நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். "டயரை மட்டும் மாத்தித் தர்றேன், அப்புறம் போ" என்றார் இவர். நான் இன்னும் சாவியைக் கேட்கவே இல்லை.

கல்யாண வீட்டு வாசலில் ஐம்பது அறுபது ஜோடி செருப்பு கிடந்தது. நான் போட்டுக்கொண்டு மலை இறங்கி அஜ்மான் வரை வண்டி ஓட்டி வந்த செருப்பை இன்று காலையில்தான் பார்த்தேன். இரண்டும் இடது கால். ஒன்று என்னுடையது.